ஒரு பல்லுக்கு மட்டும் வந்த ரீபண்டு

கீரமங்கலம்,
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அய்யப்பன் அவர்களுக்கு உங்கள் மாமா ரெங்கசாமி எழுதிக்கொண்டது. நீங்களும் என் மகள் காவ்யாவும் சென்னையில் சுகமாக இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்துச் சாமிகள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே நானும் உங்கள் அத்தை செவந்தியும் நலம், அத்தையின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டு நீங்கலாக.

போன் இருக்கும்போது இவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "மாமா, அது என்னன்னா" என்று ஆரம்பித்ததும் எனக்குக் கோபம் வந்து கட் பண்ணிவிடுகிறேன். கட் பண்ணிய பிறகுதான் சரியான பதில் வாய்க்கு வருகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. ஆகவே பொறுமையாக முழுவதும் படிக்கவும்.

ஆலங்குடி போன பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது முன்சீட்டுக் கம்பியில் மோதி அத்தைக்குப் பல் போனது உங்களுக்குத் தெரியும். தை மாதம் உங்கள் தங்கை ஹரிணிக்குக் கல்யாணம். சம்பந்தியம்மா மேடையில் நிற்க வேண்டும், போட்டோ எடுப்பார்கள், வீடியோ எடுப்பார்கள், பொக்கை வாயோடு வரமாட்டேன் என்று செவந்தி ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள். புதுக்கோட்டை பல் டாக்டரம்மா, திருகாணி வைத்து நிரந்தரமாகக் கட்டலாம் என்று ஒரு தொகை சொன்னார். நீங்கள் தருகிறேன் என்றீர்கள். மருமகன் வாங்கிக் கொடுத்த பல்லைக் காட்டி மருமகன் வீட்டுக் கல்யாணத்திலேயே சிரிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்போது நீங்கள்தான் என் வரிக்கணக்கைப் பார்த்து, பேங்கில் பிடித்த வரியும் டாக்டரம்மா கேட்ட தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கண்டுபிடித்தீர்கள். "ஒங்க பென்ஷனுக்கு வரியே கெடையாது மாமா, பிடிச்சது பூராவும் திரும்பி வந்துரும்" என்று சொன்னது உங்கள் வாய்தான். அதை நம்பி, தைக்குள் ரெண்டு பல் என்று நான் செவந்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை, வரி ரீபண்டு பேங்கில் ஏறிவிட்டது என்று மெசேஜ் வந்தது. வந்தது பாதிப் பணம். மீதி பின்னால் வரும் என்று எண்ணி, நல்ல நாளை விடக் கூடாது என்று அத்தையைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனேன். டாக்டரம்மா தங்கமானவர். "இருக்கிற பணத்துக்கு இப்ப ஒரு பல்லு வச்சுக்குவோம்யா, இன்னொண்ணு அப்பறமா வச்சுக்கலாம்" என்றார். நான் சரி என்று தலையாட்டுவதற்குள் உங்கள் அத்தை நாற்காலியை விட்டு இறங்கிவிட்டாள். "ஒத்தப் பல்லோட நிக்கிறதுக்கு ரெண்டும் இல்லாமயே நின்னுட்டுப் போறேன், பாக்கவாவது ஒரே மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் கீரமங்கலம் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்த வருமான வரித் துறைக்காரர்கள் என் வீட்டுக்குள் வந்து செய்த வேலை இது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இன்டர்நெட் கடை வைத்திருக்கும் சார்லஸிடம் போய், துறை அனுப்பியிருந்த உத்தரவைத் திறக்கச் சொன்னேன். அதற்கு ஒரு பாஸ்வேர்டு. என் பான் நம்பரும் பிறந்த தேதியும்தானாம். என் பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஜாதகத்தில் ஒன்று, இரண்டையும் போட்டுப் பார்த்துத் திறந்தோம். ஒரு பக்கம் நான் சொன்ன கணக்கு, மறுபக்கம் அவர்கள் போட்ட கணக்கு. பென்ஷன் சரியாக இருந்தது. வட்டி வருமானம் என்ற இடத்தில் மட்டும் நான் சொன்னது ஒரு தொகை, அவர்கள் எழுதியிருந்தது அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சார்லஸ் என்னைக் கொஞ்சம் மரியாதையாகவே பார்த்தான். "ஐயா, இம்புட்டு டெபாசிட்டு வச்சிருக்கீங்களா" என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது மொய்ப் பணத்தின் வட்டி.

உங்கள் பக்கம் இந்த வழக்கம் இல்லாததால் விளக்குகிறேன். இங்கே ஆடி ஆவணி வந்தால் மொய் விருந்து வைப்போம். கல்யாணமோ காதுகுத்தோ இருக்க வேண்டும் என்பதில்லை. கறிச்சோறு போட்டு மொய் வாங்குவதுதான் விசேஷம். செலவு தாங்காது என்று பல வீட்டார் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. போன வருடம் ஆவணியில் நாங்கள் எட்டு வீட்டார் சேர்ந்து வைத்தோம். விருந்து முடிந்ததும் அவரவர் பணத்தைப் பேங்கில் போடுவோம் என்று பேச்சு வந்தது. சீனியர் சிட்டிசன் பெயரில் போட்டால் வட்டி அரை சதவீதம் கூட என்று பேங்கில் எழுதி ஒட்டியிருக்கிறது. எட்டு வீட்டில் அறுபது தாண்டியவன் நான் ஒருவன். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து, யாரிடமும் கை நீட்டாமல் ரிட்டயர் ஆனவன். "அண்ணன் பேர்லயே போட்ருவோம்" என்று ஏழு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நானும் மைக்கைப் பிடித்து, அரை சதவீதத்தை ஏன் விட வேண்டும் என்று ஐந்து நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள்.

அதன் பிறகு வந்த வட்டியைப் பைசா குறையாமல் ஏழு வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தேன். பேங்கு பிடித்த வரியைக்கூட, அது எனக்குத் திரும்பி வரும் என்று நீங்கள் சொன்னதை வைத்து, என் கையிலிருந்து போட்டுக் கொடுத்தேன். ஆகவே வரிக்கணக்கில் அந்த வட்டியை உங்களிடம் நான் சொல்லவில்லை. என்னுடையது இல்லாத பணத்தை என்னுடையது என்று சொன்னால் அதுதானே பொய்? ஆனால் பிடித்த வரி என் பெயரில் பிடித்தது, அதனால் அதை முழுவதும் கேட்டோம். இதில் உங்களுக்கு என்ன சிரிப்பு வருகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. "வட்டி ஒங்களுது இல்லைங்கிறீங்க, அந்த வட்டியில பிடிச்ச வரி மட்டும் ஒங்களுதுங்கிறீங்க, கம்ப்யூட்டர் எப்படி மாமா ஒத்துக்கும்" என்று கேட்டீர்கள். அந்த வட்டியைச் சேர்த்ததும் வரியே இல்லாத எல்லையை என் வருமானம் தாண்டிவிட்டதாம், தாண்டியதற்கு உண்டான வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்களாம். கம்ப்யூட்டர் கீரமங்கலத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கட்டும், பிறகு சொல்லட்டும். மொய் என்பது வருமானமே இல்லை. ஒவ்வொருவர் செய்ததையும் அவர் வீட்டு விருந்தில் கூடப் போட்டுத் திருப்பிச் செய்தாக வேண்டும். அடுத்தவன் வீட்டுக் கடனுக்கு வந்த வட்டிக்கு என் வீட்டுப் பல்லைப் பிடுங்குகிறார்கள் என்றால் எந்த ஊர் நியாயம்?

நான் அடங்கிப் போகிற ஆள் இல்லை என்பதைத் துறைக்குத் தெரியப்படுத்திவிட்டேன். இன்டர்நெட்டில் அவர்களுக்குக் குறைகளைச் சொல்லும் பக்கத்தில் சார்லஸை வைத்துத் தமிழிலேயே எழுதினேன். மொய் விருந்தின் வரலாற்றை முடித்துவிட்டு வட்டிக்கு வருவதற்குள் பெட்டி நிரம்பிவிட்டது என்று அந்த மெஷின் நிறுத்திக்கொண்டது. பாதி மனு போயிருக்கிறது. பாதிப் பணத்துக்குப் பாதி மனு போதும் என்று விட்டுவிட்டேன்.

ஏழு வீட்டாரிடமும் வரியைக் கேளுங்கள் என்று நீங்கள் சொன்னதற்குப் பதில்: கேட்க மாட்டேன். கொடுத்த வட்டியில் திரும்பக் கை வைத்தால் நாளைக்கு இந்த ரெங்கசாமியை எந்தப் பந்தியில் உட்கார வைப்பார்கள்? அதற்காகச் சும்மாவும் இருக்கப்போவதில்லை. இன்றைக்கே ஏழு பேரையும் பேங்குக்கு வரச் சொல்லியிருக்கிறேன். டெபாசிட்டை முறித்து அவரவர் பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவேன். இனி ஒருவர் பணமும் என் பெயரில் ஒரு நாள்கூட இருக்காது. துறையோடு கடைசிவரை வழக்காடுவேன். உங்களிடம் ஒரு ரூபாய் வாங்க மாட்டேன். செவந்திக்கு இரண்டு பல்லும் என் பணத்தில்தான் வரும். வராவிட்டால் தை மாதக் கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டு வந்து, வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டு, வாயை மூடிக்கொண்டு போவோம்.

சம்பந்தி வீட்டாருக்கு எங்கள் வணக்கம். காவ்யா வேளைக்குச் சாப்பிடட்டும். நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று, அவை அத்தனையும் வரி வரம்புக்குள்ளேயே அடங்கி, நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

மாமா,
ரெங்கசாமி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் பையில் வைத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். ஏழு பேரும் வந்திருந்தார்கள். முதல் ஆளாகப் பொற்கொடியைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டேன். அது என்னைத் தனியாகத் தூணோரம் கூப்பிட்டு, "அண்ணே, எம்பேர்ல போட்டா அந்த மனுசன் ஒரே மாசத்துல குடிச்சே தீத்துப்புடுவாரு. ஒங்க பேர்ல கெடந்தாத்தான் எம்மகளுக்கு நர்சிங் காலேஜு" என்றது. அந்தப் பணத்தை என் பெயரிலேயே புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டேன். அதைப் பார்த்த மற்ற ஆறு பேரும், "அப்ப எங்களுது மட்டும் எங்கிட்டுப் போறது, அதுவும் அங்கிட்டே கெடக்கட்டும்" என்றார்கள். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, மூன்று வருடத்துக்கு. அடுத்த வருடக் கணக்கில் எல்லா வட்டியையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தால் செவந்தி வாசலிலேயே நின்று என்ன ஆச்சு என்று முகத்தைப் பார்த்தாள். துறையில் தப்பை ஒத்துக்கொண்டார்கள், மீதிப் பணமும் வருகிறது என்று சொல்லிவிட்டேன். அவள் அப்போதே பஸ் ஏறிப் போய் இரண்டு பல்லுக்கும் அளவு கொடுத்துவிட்டாள். தப்பை ஒத்துக்கொண்ட அந்த ஆபீசர் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்க வேண்டும் என்று கோயிலில் விளக்கும் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஆகையால் மாப்பிள்ளை, இன்னொரு பல்லுக்கான பணத்தைத் தாமதிக்காமல் அனுப்பவும். அனுப்பும்போது மறக்காமல் ரீபண்டு என்று எழுதி அனுப்பவும். மெசேஜை வாசித்துக் காட்டச் சொல்வாள்.