பொட்டு வைத்த மெஷின்

"சார், ஸ்கேன் ஆவல. பொட்டுதான் தெரியுது."

வீட்டு வரி கட்ட வந்த சத்யா, கவுண்டர்மேல் இருந்த கியூஆர் அட்டைக்கு நேராகச் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றாள். பேரூராட்சி அலுவலகத்தின் வரி வசூல் கிளார்க் ராஜவேலு எட்டிப் பார்த்தார். ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் அட்டையை முக்கால்வாசி மூடியிருந்தது. நடுவில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம்.

போன மாதம் அட்டையும் கார்டு தேய்க்கிற மெஷினும் வந்தபோது, "எனக்கு நோட்டு எண்ணத்தான் தெரியும்" என்று இரண்டையும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தவர் அவர்தான். அன்றிலிருந்து அவற்றுக்குப் பூதான் கிடைத்தது, ஒரு பைசா கிடைக்கவில்லை. இன்றைக்கோ நான்கு மணிக்கு மேலதிகாரி வருகிறார். மெஷின் வசூலைப் பார்த்துவிட்டு இங்கிருந்து ஒரு ஆளைப் பள்ளிப்பட்டுக்குத் தூக்கப் போகிறார் என்று பேச்சு. ராஜவேலு கவரைப்பேட்டையில் வீடு கட்டிப் பால் காய்ச்சி இருபது நாள்கூட ஆகவில்லை. பள்ளிப்பட்டோ மாவட்டத்தின் மறுகோடி.

"எல்லம்மா! இன்னாம்மா இது? பொட்டு வெச்சியா, சுண்ணாம்பு அடிச்சியா?"

"நீங்கதான சார் நல்லா பெர்சா வையின்னீங்க?" என்றாள் பெருக்கிக்கொண்டிருந்த எல்லம்மா.

ஈரத்துணியால் துடைத்தார். சந்தனம் கரைந்து அட்டை முழுக்க மஞ்சளாகப் படர்ந்தது. சானிடைசரை ஊற்றி அழுத்தித் தேய்த்தார். மஞ்சள் போயிற்று, கூடவே அச்சும் போயிற்று.

"இப்ப பொட்டுகூட தெரியல சார்," என்றாள் சத்யா.

"கார்டு வெச்சிருக்கியாம்மா?"

"ஊட்ல இருக்குது சார்." அவள் போயே போய்விட்டாள்.

மெஷினை எடுத்தார். சார்ஜ் இல்லை. கைக்கு அகப்பட்ட பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகினார். பிடுங்கியது கம்ப்யூட்டருடையது. ரசீது நின்றது. வரிசை வாசல் வரைக்கும் போனது.

"இன்னா சார் பேஜாரு! கூடையில மீனு நாறிக்கினு கீது!" என்று வரிசையிலிருந்து ஒரு மீன்காரம்மா கத்தினாள்.

ஃபேன் பிளக்கைப் பிடுங்கி அங்கே கம்ப்யூட்டரைச் செருகி எழுப்பினார். மெஷின் கண் திறக்கும்போது மணி மூன்று. வரிசையில் இருந்த அத்தனை பேர் கையிலும் நோட்டு! ராஜவேலுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நோட்ட எங்கிட்ட குடுங்க. நானே என் கார்டத் தேய்க்கிறேன்!"

"உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேல?" என்றாள் மீன்காரம்மா.

"குடும்மா தாயே!"

வாங்கி வாங்கிச் சட்டைப்பையில் திணித்தார், தேய்த்தார். ஜன்னலுக்குக் கிரில் போட பேங்கில் வைத்திருந்த பணம் முழுக்கத் தேய்ந்தது. நான்கு அடிக்கும்போது முப்பத்தொரு ரசீது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

அதிகாரி சாராள் மேடம் கணக்கைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"ஒரே நாள்ல முப்பத்தொண்ணா! மாவட்டத்துலயே நீங்கதான் முதல். மெஷின்மேல அவ்ளோ ஆர்வமா?"

"உசுரு மேடம். மெஷின்னா எனக்கு உசுரு."

மேடம் கை குலுக்கினார், டைரியில் ஏதோ குறித்துக்கொண்டு கிளம்பினார். அப்பாடா, வீடு தப்பித்தது! ராஜவேலு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டிலில் தண்ணீர் பிடிக்க உள்ளே வந்த மேடத்தின் ஜீப் டிரைவர் குணா அவர் தோளைத் தட்டினார்.

"பள்ளிப்பட்டுல ஒருத்தனும் மெஷினத் தொட மாட்றான் சார்; சொல்லிக் குடுக்க நல்லா வசூல் பண்ற ஆளாத்தான் மேடம் ஊரு ஊரா தேடிக்கினு இருந்தாங்க, நாளைக்கே கெளம்பிடுங்க."