பனிமூட்டத்தில் அடித்த கோல் பற்றி ஒரு திருத்தம்

12 மே 1959

பெருமதிப்பிற்குரிய விளையாட்டுப் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

இத்தாலியின் போ நதிக்கரையிலிருந்து அர்தேமியோ பொசெல்லி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் வலது முழங்காலும் நலம். இடது முழங்கால் விஷயத்தில் டாக்டர் வாரத்துக்கு ஒரு பேச்சு பேசுகிறார். தங்கள் இல்லத்தில் அனைவரும் நலமென நம்புகிறேன்.

நான் ஓய்வு பெற்றதையொட்டி, தங்கள் பத்திரிகை சென்ற திங்களன்று என் வாழ்க்கை வரலாற்றை ஒன்பது வரியில் வெளியிட்டது. பதின்மூன்று வருடம் ஊர்க் கால்பந்து அணியின் தற்காப்பு வரிசையில் இடது மூலையில் நின்று, மூக்கை இரண்டு முறை உடைத்துக்கொண்டவனுக்கு ஒன்பது வரி போதும்தான். ஆனால் அதில் ஆறு வரி, 1948 நவம்பரில் நான் அடித்த ஒரே கோலைப் பற்றியது. மைதானம் முழுவதையும் தனி ஆளாகக் கடந்து அடித்தேனாம், பிறகு ஆண்டவரிடம் ஜெபித்தேனாம். இதை நம்பி ஊரார் கல்வெட்டே செதுக்குகிறார்கள், ஞாயிறு திறப்பு விழா. கல்லில் ஏறிவிட்டால் இந்தப் பொய் எனக்குப் பிறகும் இருக்குமே என்று சோறு இறங்கவில்லை. சனிக்கிழமைக்குள் திருத்தம் போட்டுவிடுங்கள்.

அன்று பனிமூட்டம். எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் நீட்டிய கை சொந்தக் கைதானா என்று சந்தேகம் வரும். பயிற்சியாளர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "எதிரணியில அந்த ஏழாம் நம்பர்காரனை விடாதே. அவன் ஒண்ணுக்குப் போனாலும் நீ வாசல்ல நில்லு." நான் சொன்னதைச் செய்கிறவன். அவன் வளைந்தான், வளைந்தேன், திரும்பினான், திரும்பினேன். அவன் தன் கோலைக் காப்பாற்றப் பின்னால் ஓடுகிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? கோல் கம்பம் தெரிந்தது, நம்ம கம்பம்தான் என்று நினைத்தேன். பந்து காலடியில் வந்தது. "பிவெத்தா, இந்தாடா, பிடி!" என்று எங்கள் கோல்கீப்பருக்குத் தட்டிவிட்டேன். பிடிக்கவில்லை. பந்து வலைக்குள். சொந்த அணிக்கே கோல் போட்ட பாவியாகிவிட்டேனே என்று மண்டியிட்டுக் கதறினேன் ஐயா, தாங்கள் எழுதிய ஜெபம் அதுதான். பனிக்குள்ளிருந்து எட்டுப் பேர் ஓடிவந்தார்கள். உதைக்கத்தான் என்று தலையை மூடிக்கொண்டேன். தூக்கிவைத்துக் குதித்தார்கள்.

அன்றே சொல்லியிருப்பேன். ஆனால் மறுநாள், ஆட்டத்துக்கு ஆட்டம் ஒவ்வொருவருக்கும் தங்கள் பத்திரிகை போடும் மார்க்கில் எனக்குப் பத்துக்கு எட்டு. அதுவரை ஐந்தைத் தாண்டியதில்லை. அப்போது நான் பெண் கேட்டிருந்த நீவெஸின் அப்பா, கசாப்புக் கடை குவெரினோ, ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "அஞ்சு மார்க்குக்காரனுக்கு நான் எலும்புகூடத் தரமாட்டேன், பொண்ணா தருவேன்? பேப்பர்ல ஏழு வாங்கிட்டு வா தம்பி, பேசலாம்." எட்டைப் பார்த்ததும் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். அந்தப் பக்கத்தை வெட்டி, கடையில் பன்றித்தொடைக்குப் பக்கத்தில் மாட்டி, இன்றும் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டுகிறார். எனக்கோ பத்தரை வருடமாக அந்தப் பக்கம் தலை திருப்ப வெட்கம். அந்த எட்டு என்னுடையது இல்லை. மாமனார் கத்தியைத் தூக்கினாலும் சரி, உண்மையை அச்சிடுங்கள்.

தங்களுக்கும் அச்சுக் கோக்கும் அன்பர்களுக்கும் பனியில்லாத ஞாயிறுகள் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
அர்தேமியோ பொசெல்லி

பி.கு.: எதையும் அச்சிட வேண்டாம். கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி நீவெஸிடம் கொடுத்தேன், படித்துவிட்டாள். அழுவாள் என்று பயந்தேன். சிரிக்கிறாள்.

"அந்தப் பேப்பர்காரர் பக்கத்துலதாங்க நான் உட்கார்ந்திருந்தேன். கோல்னு சத்தம் கேட்டுச்சு. அவருக்கும் ஒண்ணும் தெரியல, எனக்கும் ஒண்ணும் தெரியல. யார் அடிச்சதுன்னு கேட்டார். உங்க பேரைச் சொன்னேன். அப்பாவுக்குப் பிடிக்குமேன்னு ஜெபத்தையும் சேர்த்தேன். எட்டு போடுங்கன்னதும் நான்தான்."

"இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?"

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்?"

ஆகவே கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். தபால்தலை வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் அனுப்புகிறேன். அந்த எட்டு இனி என்னுடையதுதான், தாங்களே கேட்டாலும் திருப்பித் தரமாட்டேன். இன்றைய தேதிக்கு எத்தனை போடுவாய் என்று அவளைக் கேட்டேன்.

"ஆறு. அந்தக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினா ஆறரை."

போய்க் கொட்டிவிட்டு வருகிறேன்.