செங்கோட்டையன் தாடியை இழுத்த விவரம்

ராசிபுரம்,
கார்த்திகை மாதம்.

மாத நாவல் பத்திராதிபர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, நெய் வியாபாரம் அங்கமுத்து அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. ஈசுவரன் கிருபையால் இவ்விடம் நெய்யும் நாங்களும் கெடாமல் இருக்கிறோம். தாங்களும் தங்கள் அச்சுக்கூடமும் அவ்வாறே இருக்கக் கடவது. எனக்கு வெள்ளெழுத்து. தங்கள் துப்பறியும் நீலமேகம் கதைகளை எட்டு வருஷமாக என் மகள் சௌந்திரம்தான் உரக்க வாசிக்கிறாள், நான் கேட்கிறேன். இந்தக் கடிதமும் நான் சொல்ல அவள் எழுதுவதே.

முன்பெல்லாம் கொலை செய்தவன் யாரென்று தலைகீழாக நின்றாலும் தெரியாது. ஆவணி முதல் தங்களுக்கு என்ன நேர்ந்ததோ, எல்லாக் கதையிலும் ஒட்டுத்தாடிக்காரனே குற்றவாளி. ஜமீன் பங்களாவில் தாடி. ரயிலில் தாடி. போன மாதம் பெண்கள் விடுதியில் நடந்த கொலையில், சமையற்காரி முக்காட்டை நீக்கினால் அங்கேயும் தாடி! அது எப்படியென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "அப்படித்தாங்கப்பா போட்டிருக்குது" என்றாள் மகள். அச்சில் வந்தால் நிசமாகத்தானே இருக்க வேண்டும்?

இப்படியிருக்க, சௌந்திரத்தைப் பெண் கேட்டிருந்த நாமக்கல் பக்கத்துப் பண்ணையக்காரர் செங்கோட்டையன், உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்ள உறவுசனத்தோடு வந்தார். நல்ல தோட்டம், வற்றாத கிணறு. இரண்டாந்தாரம் என்பது ஒன்றுதான் குறை. முதலில் வந்தபோதே அவருக்குத் தாடி உண்டு, அப்போது நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இத்தனை கதை கேட்டபின் பார்த்ததும் பகீரென்றது. தாம்பாளம் நீட்டுகிற சாக்கில் பிடித்து இழுத்தேன். வரவில்லை. நல்ல பசையானால் முதல் இழுப்பில் வராது என்று நீலமேகமே ஒரு கதையில் சொல்லியிருக்கிறாரே, ஆகையால் தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தேன்.

"ஏனுங்க மாமா, இது பழனியாண்டவனுக்கு நேந்துக்கிட்டு வளத்த தாடிங்க! கண்ணாலம் முடிஞ்சு அங்க போய் எடுக்கோணும்னு இருக்கறேன், நீங்க இங்கயே புடுங்கறீங்களே!" என்று அலறினார். என் வயதுக்காரரானாலும் மாமா என்று மரியாதையாகத்தான் அலறினார். உப்பும் சர்க்கரையும் தரையில் கலந்து கிடக்க, வண்டி கட்டிப் போய்விட்டார்கள். "தாடியப் புடிச்சு இழுக்கறதுக்கா ஊடெல்லாம் சாணி போட்டு மொழுகுனேன்?" என்று என் சம்சாரம் காளியாத்தாள் அழுகிறாள். எனக்கும் அழுகை வருகிறது. பெண்ணின் வாழ்வை என் கையாலேயே கெடுத்தேனா, காப்பாற்றினேனா, ஒன்றும் புரியவில்லை. தாங்களே செங்கோட்டையனுக்கு ஒரு கடிதம் போட்டு, பிசகு கதையினுடையது, அங்கமுத்துவினுடையது அல்ல என்று எடுத்துச் சொல்லி, சம்பந்தத்தை ஒட்டவைக்க வேண்டும்.

தங்கள் பேனாவும் பிள்ளைகுட்டிகளும் தழைத்திருக்க ஆசீர்வதிக்கும்,
அங்கமுத்து

பின்குறிப்பு: அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறார். இதை எழுதுவது சௌந்திரம். தங்கள் கதைகளில் ஒரு தாடியும் இல்லை, தாங்கள் திகைக்க வேண்டாம். ஆவணியில்தான் செங்கோட்டையன் என்னைக் கேட்டு வந்தார். அவருடைய மூத்த மகளுக்கே போன வருஷம் கல்யாணம் ஆகிவிட்டது. வேண்டாமென்று அழுது பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. கதை என்றால் அப்பா காது கொடுப்பார். ஆகவே தயவுசெய்து செங்கோட்டையனுக்குக் கடிதம் எழுதிவிடாதீர்கள். தையில் பவானியிலிருந்து வேறொருவர் பெண் பார்க்க வருகிறாராம். அந்த மாதக் கதையில் குற்றவாளி யார் என்பதை அவரைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.