ஓடைப்பட்டி அண்டாவைப் படம் பிடித்துப் போட்ட பாவம்

தேனி,
சனிக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்கு முன்.

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய ஜெயமங்கலம் சம்பந்தி பொன்னுராஜ் அவர்களுக்கு, தேனி பாத்திரக்கடை எபனேசர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நானும் என் வீட்டாரும் சுகம். தாங்களும் சம்பந்தியம்மாளும், தங்கள் வாழைத்தோட்டமும், சென்ற மாதம் கன்று ஈன்ற பசுவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். லோயர் கேம்ப்பில் வேலை பார்க்கும் தங்கள் மருமகனான என் மகனும் சுகம். வாரம் ஒருநாள் வந்து போகிறான். இந்த வாரம் வந்தவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமலே போனான். காரணம் கீழே விவரமாக எழுதப்படும்.

நிற்க. தங்கள் மகளும் எங்கள் மருமகளுமான ஜெபஷீலா செவ்வாய்க்கிழமை ஒரு பையுடன் தங்கள் இல்லத்துக்கு வந்திருக்கிறாள். சும்மா நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகத்தான் தங்களிடம் சொல்லியிருப்பாள். அது சும்மா இல்லை. மாமனாரைக் காட்டிக்கொடுக்காத பிள்ளை என்பதால் அப்படிச் சொல்லியிருக்கிறாள். நேற்றுப் போனில் தாங்கள், பெரியகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை இருக்கிறது, கடையை விட்டுவிட்டு அதில் சேரட்டுமா என்று கேட்டீர்கள். பக்கத்தில் என்மேல் கோபத்தோடு வீட்டம்மா நின்றதால் அப்போது காரணத்தைச் சொல்ல முடியவில்லை. ஆகவே நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு, அவளை எப்படியாவது எங்களிடம் திருப்பி அனுப்பிவைக்க வேண்டும்.

எங்கள் கடை தாங்கள் அறிந்ததே. அப்பா காலத்துக் கடை, மூன்று வருஷமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. ஜெபஷீலா வாழ வந்த மூன்றாம் மாதம், மாமா, கடைக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டாள். அது டான்ஸ் ஆடுகிறவர்களுக்கு உள்ளது, அண்டா குண்டான் எங்கே ஆடும் என்றேன். சிரித்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள். தினம் ஒரு படம் போட வேண்டுமாம். அப்படியா, நானும் யோசித்துத் தருகிறேன் என்று முன்வந்தேன். ரோஜாப்பூப் படம் போட்டு இனிய காலை வணக்கம் சொல்லலாம் என்றேன். தட்டுகளைக் கோபுரம் மாதிரி அடுக்கி உச்சியில் ஒரு டம்ளர் வைத்தேன். அப்புறம் நானே வெள்ளைச் சட்டை போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி, ஷட்டர் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றேன். பிள்ளை மூன்றையும் மரியாதையாகப் படம் எடுத்தாள். எடுத்துவிட்டு, "நல்லா இருக்கு மாமா. இதை நாம பாக்கலாம். அடுத்தவுக எதுக்குப் பாக்கணும்?" என்று கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. கூலிங் கிளாஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன் சம்பந்தி.

அவள் எப்படி யோசிக்கிறாள் என்று நான் பக்கத்திலிருந்து பார்த்தவன், அதைச் சொல்கிறேன். புதுசாக ஏதாவது வேண்டுமென்று போனைத் தடவுகிற வேலையே கிடையாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். வருகிற சனம் என்ன கேட்கிறது, என்ன செய்கிறது என்று பார்த்து, கிழித்த காலண்டர்த் தாளின் பின்னால் குறித்துக்கொள்வாள். நம்ம ஊர்ச் சனம் குண்டானை எடுத்தால் முதலில் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிச் சத்தம் கேட்குமே, நாற்பது வருஷமாக நான் பார்க்கிறேன், ஏம்மா சொட்டை விழுந்துரும் என்று சத்தம் போட்டதோடு சரி. அவள் அந்தத் தட்டுகிற கையை மட்டும் படம் எடுத்தாள். முகம் கிடையாது, கை மட்டும். போடியில் ஏலக்காய் பொறுக்குகிற கை, திராட்சை நறுக்கித் தழும்பு விழுந்த கை, மருதாணி காயாத கை. ஒரு வாரம் தினம் ஒரு கை. பார்த்தவனெல்லாம் இது எங்க அம்மா கை மாதிரி இருக்கு, எங்க சித்தி கை மாதிரி இருக்கு என்று எழுதுகிறான்.

போன வருஷம் சாரல் பிடித்து நாலு நாள் ஒரு ஆள் கடைப்படி ஏறலை. இன்னைக்கு என்னத்தப் போடுவ என்று நான் கொஞ்சம் சந்தோசமாகவே கேட்டேன். அவள் எழுந்து கடைப் பின்னால் போனாள். அங்கன தகரம் ஒழுகி நான் வைத்திருந்த சட்டி, வாளி, டிபன் மூடி எல்லாவற்றையும் வைத்தது வைத்தபடி படம் எடுத்து, உங்க வீட்டுல ஒழுகுனா எந்தப் பாத்திரம் வைப்பீக என்று கேட்டுப் போட்டுவிட்டாள். நம்ம கடை ஒழுகுறத ஊருக்கே காட்டுறியா என்று நான் குதித்தேன். சாயங்காலத்துக்குள்ள எரநூறு பேர் எழுதிட்டாக. துபாயில் இருக்கிற ஒரு பொண்ணு, எங்க அம்மா பித்தளைச் சருவம் வைப்பாக, ராவெல்லாம் அந்தச் சத்தத்துலதான் தூங்குவேன்னு எழுதி, அதே மாதிரிச் சருவம் ஒண்ணு வேணும்னு கேட்டுச்சு. ஒழுகுற தகரத்துல இருந்து ஒரு யோசனை எடுக்கிற புத்தி யாருக்கு வரும், சொல்லுங்க.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு. எந்த வீட்டு அடுக்களையிலும் அடுத்தவர் பேர் வெட்டின பாத்திரம் ஒண்ணாவது இருக்கும். கொழம்பு குடுத்துவிட்டது, விசேஷத்துக்கு இரவல் வாங்கினது, திருப்பிக் குடுக்க மறந்தது. அந்தப் பேரோட படத்த எங்களுக்கு அனுப்புங்க, யார் வீட்டுதுன்னு கண்டுபிடிப்போம்னு போட்டா பாருங்க. கம்பத்துல இருந்து குமுளிச் சேச்சி வரைக்கும் படம் வந்து குவிஞ்சுபோச்சு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி காணாமப் போன ஒரு தூக்குவாளி, நம்ம கடையில வெச்சுத்தான் சொந்தக்காரம்மா கைக்குப் போச்சு. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதுல்ல, நிறைய முறுக்கு வெச்சுக் கொண்டாந்தாக. ரெண்டு பொம்பளைகளும் கடைக்குள்ளயே உக்காந்து முறுக்கத் தின்னு தீத்துட்டுத்தான் எந்திரிச்சாக. இதுல அவளுக்கு ஒரே ஒரு கண்டிப்பு. படத்துல யார் பேரு இருக்கோ, அவுக அத்தனை பேருகிட்டயும் கேட்டுட்டுத்தான் போடணும். ஒருத்தர் வேண்டாம்னாலும் போடக் கூடாது.

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன். எங்க கடையில பேர் வெட்டுற நல்லகண்ணுவத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவர் பேர் வெட்டுறது மட்டுமில்ல, அழிக்கவும் செய்வாரு. ஒரு விசேஷத்துல செய்முறையா வந்த பாத்திரத்துல இருக்கிற பழைய பேரை மிஷின்ல தேச்சு எடுத்துட்டு, புதுப் பேரை வெட்டி இன்னொரு விசேஷத்துக்குக் கொண்டுபோவாக. முக்காடு போட்டுக் கொண்டாந்து குடுக்கிற வேலை அது. கடை வாசலுக்கு வெளிய அதைப் பத்தி மூச்சு விட மாட்டோம். போன சனிக்கிழமை ஜெபஷீலா சபைக் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய்விட்டாள். ரெண்டு நாள் நான் இருக்க மாட்டேன், ஒண்ணும் போட வேண்டாம் மாமான்னு சொல்லிட்டுத்தான் போனா. எனக்கு உக்காந்தா இருப்புக் கொள்ளலை. அவளைப் போலவே ஸ்டூல்ல உக்காந்தேன். அவளைப் போலவே காலண்டர்த் தாளை எடுத்தேன். அப்போ நல்லகண்ணு ஒரு கனத்த அண்டாவ மிஷின்ல வெச்சாரு. எனக்குப் பொறி தட்டிருச்சு. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு படம், புதுப் பேர் வெட்டினதுக்கு அப்புறம் ஒரு படம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, பழைய பெயர் நீக்கிப் புதுப் பெயர் பொறித்துத் தரப்படும், உற்றுப் பார்த்தாலும் தெரியாதுன்னு எழுதிப் போட்டுட்டேன்.

அண்டாவப் பாத்தேனே தவிர, பேரைப் படிக்கலை. முதல் படத்துல இருந்தது: கருத்தம்மாள் இல்லப் புதுமனை புகுவிழா, அன்பளிப்பு தம்பி பாண்டீஸ்வரன், ஓடைப்பட்டி. ரெண்டாவது படத்துல: அபிதா திருமண விழா, அன்பளிப்பு அத்தை கருத்தம்மாள், சின்னமனூர். அந்த அபிதா யாருன்னா பாண்டீஸ்வரனோட மகள். வர்ற வியாழக்கிழமை கல்யாணம். தம்பி குடுத்த அண்டாவ அக்கா தம்பி மகளுக்கே திருப்பிக் குடுக்கப் போனத, நான் அச்சடிச்ச மாதிரி ரெண்டு படமாப் போட்டு உலகத்துக்கே காட்டிட்டேன். இதுவரைக்கும் எங்க இன்ஸ்டாகிராம் பக்கத்துல எதையும் அத்தனை பேர் பார்த்தது கிடையாது. பாண்டீஸ்வரன் திராட்சைக்கு மருந்து அடிச்சுக்கிட்டு இருந்த கையோட வந்துட்டாரு. கருத்தம்மாள் போன்ல பேசினத ஒரு கிறிஸ்தவன் எழுத முடியாது. அக்கா கல்யாணத்துக்கு வரலைங்கிறாக, தம்பி கூப்பிட மாட்டேங்கிறாரு, அபிதா அழுதுக்கிட்டு இருக்கு.

ஜெபஷீலா திங்கட்கிழமை வந்தாள். நான் போட்ட படத்தை நீக்கிவிட்டாள். அடுத்த பஸ்ல ஓடைப்பட்டிக்குப் போய்த் திராட்சைப் பந்தலுக்குள்ள நின்னு, தப்பு எங்க மேலதான்னு மன்னிப்புக் கேட்டிருக்கா. பாண்டீஸ்வரன் தலையைத் தூக்கிப் பார்க்கலையாம். அங்கிருந்து சின்னமனூர் போயிருக்கா. கருத்தம்மாள் கதவையே திறக்கலையாம். நான் பண்ணின கூத்துக்கு அந்தப் பிள்ளை ரெண்டு ஊர் வாசல்ல நின்னுட்டு வந்திருக்கு. இதெல்லாம் வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் கடை போனை மேசை மேல வெச்சா. "நம்மள நம்பித்தான மாமா அந்தம்மா அண்டாவக் கொண்டாந்து குடுத்தாக. இனிமே எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வலி இருந்திருக்காது.

நாலு நாளாக் கடையில வர்றவுக பாத்திரத்தைத் தட்டுற சத்தம் கேக்கும்போதெல்லாம் அந்த ஸ்டூலைத்தான் பாக்குறேன். வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை சம்பந்தி. என் கடையில் என்ன இருக்கிறது என்று நாற்பது வருஷம் கழித்து எனக்குக் காட்டியது அவள்தான். டீச்சர் வேலை நல்ல வேலைதான், மறுக்கவில்லை. அவளுக்கே அது பிடித்திருந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். என்மேல் உள்ள வருத்தத்தில் போகிறாள் என்றால், அந்த வருத்தத்தை என்னோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கடை போனைக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இனி என் ஆயுசுக்கும் நான் ஒரு படம் எடுக்கவோ போடவோ மாட்டேன். இது வேதத்தின்மேல் கைவைத்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவும்.

சம்பந்தியம்மாளுக்கு என் வீட்டாரின் விசாரிப்புகள். தங்கள் தோட்டத்துக்குத் தண்ணீரும், தங்கள் முழங்காலுக்குச் சுகமும், என் மருமகளுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கமும் கிடைக்க ஆண்டவரை வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்த சம்பந்தி,
எபனேசர்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்கு முன் வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன். நாலு நாளாக என்னோடு பேசாதவள், எழுத்து நல்லாத்தான் இருக்கு என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. கோபப்படாமல் படியுங்கள். இந்த முறை ஜெபஷீலா சொன்ன முறைப்படியே செய்தேன். முதலில் கருத்தம்மாளுக்குப் போன் போட்டு, அவர் திட்டி முடிக்கிறவரைக்கும் காத்திருந்து, கடிதம் முழுவதையும் வாசித்தேன். பாதியில் அந்தம்மா அழுதுவிட்டார். இப்ப வர்ற அண்டாவெல்லாம் வெறும் தகடு, அது அந்தக் காலத்துக் கனம், நல்ல பாத்திரமா இருக்கே, என் தம்பி பிள்ளைக்குப் போகட்டும்னுதானய்யா குடுத்தேன் என்றார். அதைப் பாண்டீஸ்வரனிடம் அப்படியே சொல்லி, அவருக்கும் கடிதத்தை வாசித்தேன். அக்கா அப்படியா சொன்னுச்சு என்று கேட்டார். இப்போது சின்னமனூருக்குப் பத்திரிகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போட்டுக்கிரலாமா என்று கேட்டதற்கு ரெண்டு பேரும் போட்டுக்கிருங்க என்றார்கள். வீட்டம்மாவும் சாவியைக் கொடுத்துவிட்டாள். ஆகவே இந்தக் கடிதத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படம் பிடித்துக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டிருக்கிறேன். தங்களுக்கு எழுதியதைத் தங்களுக்கு முன்னால் தேனி மாவட்டமே படித்துக்கொண்டிருப்பதற்கு மன்னிக்கவும். ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால் தபாலிலும் அனுப்புகிறேன். திங்கட்கிழமை கிடைக்கும். அதற்குள் பதில் வந்துவிட்டது. படத்துக்குக் கீழே ஜெபஷீலா எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "அவுக ரெண்டு பேருகிட்டயும் கேட்டீக, சரி. என் கதையப் போட என்கிட்டக் கேட்டீகளா மாமா? நாளைக்கு முத பஸ்ல வர்றேன். அதுவரைக்கும் போனைத் தொடாதீக."