இடது முன்னங்கால்

"இடது முன்னங்கால் நொண்டுது," என்றார் மாட்டு டாக்டரம்மா, கையிலிருந்த திரையைப் பார்த்தபடி.

குதிரைக் கயிற்றைப் பிடித்து ஓடிவந்து நின்ற தரகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தையில் அவர் "சுத்தம்" என்று சொன்ன குதிரையின் காலை யாரும் குனிந்து பார்த்ததில்லை. அவருடைய பிழைப்பே அந்த ஒரு சொல்லில்தான் ஓடியது. இன்று வாங்க வந்த குதிரையேற்றப் பள்ளிக்காரம்மாவோ டாக்டரையும் மிஷினையும் கூட்டி வந்துவிட்டார். பெண்குதிரையின் தலையில் ஒரு சென்சார், முதுகில் ஒன்று, காலில் ஒன்று.

"லாடம் கடிக்குதும்மா. வேற ஒண்ணுமில்ல!"

பக்கத்தில் நின்ற லாடக்காரர் முணுமுணுத்துக்கொண்டே லாடத்தைக் கழற்றி மறுபடி அடித்தார். தரகர் மறுபடி கயிற்றோடு ஓடினார்.

"முன்னைக்கு இப்ப அதிகம்," என்றார் டாக்டரம்மா.

"மணல் பொதபொதன்னு இருந்தா யார் காலும் தடுமாறத்தான் செய்யும். சிமெண்ட் ரோட்டுக்கு வாங்க."

சிமெண்டில் இன்னும் மோசம்.

"என் லாடத்தைக் குத்தம் சொன்னீங்களே அண்ணே," என்றார் லாடக்காரர். "இப்ப ரோட்டைக் கழட்டி அடிக்கட்டுமா?"

தரகர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். நொண்டும் குதிரை தலையை ஆட்டும். தாடைக்குக் கீழே கயிற்றை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் வெளியே தெரியாது. இறுக்கிப் பிடித்து, கிட்டத்தட்டத் தொங்கிக்கொண்டே ஓடினார். அவர் வைத்த ஒவ்வோர் அடிக்கும் குதிரையின் தலை கூடவே இழுபட, திரையில் கோடுகள் தாறுமாறாய்க் குதித்தன.

"இது எப்படி நிக்குதுன்னே புரியலையே!" என்றார் டாக்டரம்மா.

தரகருக்கு ஆத்திரம் ஒரு பக்கம், வியப்பு ஒரு பக்கம். மயிரிழை ஆட்டத்தைக்கூட விடுவதில்லையே! இந்த மிஷினுக்கு வாய் மட்டும் இருந்தால் சந்தையில் நமக்கெல்லாம் வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

பள்ளிக்காரம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "நான் கிளம்பறேங்க. ஊர்ல நாலு பேர் கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன்."

தரகரின் முகம் சுண்டிப்போனது.

அதுவரை கேட்டருகே தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த தரகரின் மனைவி உள்ளே வந்தார். "கயித்தை இப்படிக் குடுங்க."

"உனக்கு அது அடங்காதுடி! என் கைக்குத்தான் பழக்கம்!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் செம்பு அவர் கையில் இருந்தது, கயிறு மனைவி கையில். கயிற்றைத் தளர விட்டு அந்தம்மாள் ஓட, குதிரை தரையில் கால் பாவாதது போல் கூடவே மிதந்தது. போய்த் திரும்பியதும் எல்லோரும் திரையை எட்டிப் பார்த்தார்கள்.

கோடு நேராக இருந்தது.

"இவ்வளவு அழகான ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை," என்றார் டாக்டரம்மா. பள்ளிக்காரம்மாவின் கைப்பை கீழே இறங்கியது.

தரகருக்கு உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது. "நான் சுத்தம்னா சுத்தம்! இவ்வளவு நேரம் உளறினது உங்க மிஷின்!"

"பாவம், மிஷினைத் திட்டாதீங்க," என்றார் மனைவி, குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தபடி. "இடது கால்னு அது சரியாத்தான் சொல்லிச்சு டாக்டரம்மா, முட்டிவலியே இல்லைன்னு ஆறு மாசமா என்கிட்ட சாதிக்கிற இவரோட கால் அது."