கைக்கு அடக்கமான வெளிச்சம்

மனிதகுலம் இருட்டிலிருந்து மீண்ட வரலாற்றில் மூன்று மைல்கற்கள் உண்டு. முதலாவது, தீயை மூட்டியது. இரண்டாவது, மின்சாரத்தைக் கம்பியில் ஓடவிட்டது. மூன்றாவது, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் டைல்ஸ் கடையொன்றின் மேல்மாடியில் கூடும் கிறிஸ்தவ சபை, சென்ற ஆண்டு ஒரு 'மேடை ஒளியமைப்பு உபகுழு'வை நியமித்தது. சபையின் பெயர் வேண்டாம். அவர்கள் விளம்பரத்தை வெறுப்பவர்கள். ஞாயிறுதோறும் ஃபேஸ்புக் நேரலையில் அவர்களே அப்படிச் சொல்வார்கள்.

உபகுழுவில் நால்வர். தலைவர் பாஸ்டர் றொசான். பொருளாளர் தவமணி அக்கா, பேராதனை ஆஸ்பத்திரியில் தாதிமாருக்குத் தலைவியான மேற்றன். கிட்டார் வாசிக்கும் தனேஸ் 'தொழில்நுட்ப ஆலோசகர்'. வெளிநாட்டுச் சபைகளின் வீடியோக்கள் அவருடைய ஃபோனில் நிறைய இருந்தன என்பதே தகைமை. நான்காவது ஆள் மோகனராஜ். கண்டி டவுனில் மின்சாமான் கடையொன்றில் ஒன்பது வருடமாகப் பல்பு விற்கிறவன். லைட்டைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவன்தான் என்பதால் அவனைச் செயலாளராக்கி, குறிப்பு எழுதவும் பிளேன்டீ கொண்டுவரவும் விட்டார்கள். தெரிந்தவனை எங்கே உட்கார வைப்பது என்று நம் நாட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

மோகனராஜுக்கு இதில் சொந்தக் காரியம் ஒன்று இருந்தது. வரும் ஆண்டுவிழாவில் அவன் தங்கை நிலூஷா முதல்முறையாகத் தனியே பாடப்போகிறாள். அப்பா கணபதி டோஹாவில் கட்டட வேலை. அவர் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போனபோது அவளுக்குப் பதின்மூன்று வயது, இப்போது பதினேழு. ஃபோன் வீடியோவில் கூப்பிட்டால் வெட்கத்தில் கையால் முகத்தை மூடிக்கொள்கிற ரகம். மேடையில் மைக்கைப் பிடித்தால் மூட முடியாதல்லவா? மகளின் முகத்தை நேரலையில் ஆசைதீரப் பார்க்க, அப்பா மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கால்மணி நேரம் வாங்கிவைத்திருந்தார்.

முதற்கூட்டத்திலேயே மோகனராஜ் எழுந்தான்.

"பாஸ்டர், முன்னாலேருந்து ரெண்டு பக்கமும் வெள்ளை லைட்டு ஒவ்வொண்ணு போட்டா போதும். பாடுறவங்க மொகம் பளிச்சுன்னு தெரியும். செலவும் ரொம்பக் கொறைவுங்க."

கூட்டம் அதிர்ந்தது. உபகுழு தேடியது 'கைக்கு அடக்கமான' விளக்கு. அதன் பொருள் மலிவான விளக்கு அல்ல. விலை கூடியது மாதிரித் தெரிகிற மலிவான விளக்கு.

"வெள்ளை வெளிச்சமோ?" என்றார் தவமணி அக்கா. "கிழமை முழுக்க ஆஸ்பத்திரி வாட்டுக்குள்ள அதிலதான் நிக்கிறன். ஞாயிற்றுக்கிழமை இஞ்சயும் அதோ?"

"மூட் வேணும் பிரதர், மூட்!" என்றார் தனேஸ்.

"தம்பி, நாங்கள் ஆக்களின்ர முகத்தைப் பாக்கவே வாறம்?" என்று பாஸ்டர் கனிவோடு கேட்டார். "கர்த்தரையெல்லோ பாக்க வாறம்."

"அவரு லைட்ல தெரிவாருங்களா பாஸ்டர்?"

"அதுக்குத்தான் மூட்."

'செயலாளரின் யோசனை அன்புடன் தள்ளுபடி செய்யப்பட்டது' என்று செயலாளரே எழுதினார்.

இரண்டு கிழமையில் கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து பெட்டிகள் வந்திறங்கின. தலையைச் சுழற்றும் விளக்கு நான்கு, நிறம் மாறும் விளக்கு ஆறு, புகை மெஷின் ஒன்று. இவற்றை ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி விலையில் கைக்கு அடங்காததால் வாங்கவில்லை. பரவாயில்லை, 'சத்தத்துக்குத் தானாக ஆடும்' என்று விளக்குப் பெட்டியின் மேலேயே அச்சடித்திருந்தது. எல்லாவற்றையும் மேடையின் பின்சுவரில், சனங்களைப் பார்த்த மாதிரிப் பூட்டினார்கள். வீடியோவில் அப்படித்தான் இருந்ததாம்.

சனிக்கிழமை பின்னேரம் 'பரிசோதனை'. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, வெறும் மேடைக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, ட்ரம்ஸ் ரெக்கோட் ஒன்றை அலறவிட்டார்கள். விளக்குகள் ஊதா, சிவப்பு, பச்சை என்று சுழன்றன. "அப்பாடி!" என்று கைதட்டினார்கள். எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். விளக்கு எதைக் காட்டுகிறது என்று பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"மேடையில யாரையாச்சும் நிறுத்திப் பாக்கலாமா?" என்று கேட்டான் மோகனராஜ்.

"ஆள் நிண்டால் லைட் பீமை மறைக்கும் பிரதர்," என்றார் தொழில்நுட்ப ஆலோசகர்.

அந்த நேரம் பார்த்து மண்டபம் கூட்ட வந்த மோகனராஜின் அம்மா அங்கம்மா, புகையைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏங்க பாஸ்டர், சபையில சேந்தப்ப சாம்பிராணிப் பொகை ஆகாதுன்னு தூபக்காலோட தூக்கி வீசச் சொன்னீங்களே?"

"அது வேற அம்மா. இது வெறும் புகையில்லை. ஆராதனைக்கு ஒரு சூழல்."

"அதுல வாசமாச்சும் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு அங்கம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார்.

கடைசித் தீர்மானம்: 'ஆராதனை வேளையில் டியூப்லைட் சுவிட்சை எவரும் தொடலாகாது.' அதையும் மோகனராஜே தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, சுவிட்சுக்கு மேலே ஒட்டினான்.

ஆண்டுவிழாவில் முதல் மூன்று பாட்டும் அமர்க்களம். ட்ரம்ஸ் இடிக்க, விளக்குகள் பேய் பிடித்த மாதிரி ஆடின. பிறகு நிலூஷா வந்தாள். மெல்லிய பாட்டு, ஒற்றைக் கிட்டார். சத்தம் கேட்டால் மட்டுமே வேலை செய்யும் விளக்குகள், சத்தமில்லை என்று கண்டு ஒவ்வொன்றாக ஓய்வெடுத்தன. மேடை கும்மிருட்டு. நடுவில் பாஸ்டர் ஒருதரம் இருமினார்; நான்கு விளக்கும் திடுக்கிட்டெழுந்து கூரையைச் சிவப்பாக்கிவிட்டு அணைந்தன.

மோகனராஜ் சுவிட்சடியில் நின்றான். டோஹாவில் காலை ஏழரை மணி. கால்மணி நேரம் கரைந்துகொண்டிருந்தது. கையைச் சுவிட்சில் வைத்தான்.

"தம்பி, தீர்மானம்!" என்று பின்னாலிருந்து தவமணி அக்காவின் குரல் வந்தது.

கையை எடுத்துவிட்டான். ஒழுக்கமுள்ள செயலாளர்! ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம், மடையன். இருட்டுக்குள் அந்தப் பிள்ளை ஒரு சுருதி பிசகாமல் பாடி முடித்தாள்.

செவ்வாய்க்கிழமை 'மீளாய்வுக் கூட்டம்'. நேரலைக்கு அறுபத்துமூன்று இதயக் குறிகள் விழுந்திருந்தன. பாஸ்டர் நெகிழ்ந்துபோனார்.

"மோகன் தம்பி, உங்கட அப்பாவும் பாத்தவரெல்லோ? லைட்டைப் பற்றி என்ன சொன்னவர்? அதையும் குறிப்பில போடுவம்."

மோகனராஜ் ஃபோனை மேசையில் வைத்து, அப்பா அனுப்பிய குரல்பதிவை ஓடவிட்டான்.

"தம்பி, பாட்டு கேட்டேன்ப்பா. பாப்பா கொரலு அப்பிடியே ஒங்கம்மா கொரலுதான். கடைசி வரைக்கும் ஃபோன மூஞ்சிக்கிட்டயே வச்சுக்கிட்டு நின்னேன், ஆளுதான் தெரியல. பாஸ்டர்கிட்ட ஒண்ணும் கோவிச்சுக்காத. பாவம், இல்லாதப்பட்ட சபை, அவங்க என்ன செய்வாங்க? இந்த மாசம் சம்பளத்துல கொஞ்சம் சேத்து அனுப்புறேன். ஒரு பல்பு வாங்கிக் குடுத்துருப்பா."