சும்மா தூறல்தான்

தூறல்வாதி என்றொரு இனம் உண்டு. குளிரும் மழையும் கைகோத்துக்கொண்டு வந்து இறங்கி, மத்தியானமே விளக்குப் போடவைக்கும் நகரங்களில் இந்த இனம் அமோகமாகச் செழிக்கிறது. அடையாளம் காண்பது ரொம்பச் சுலபம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். தெருவில் ஒரு நாயைக்கூடப் பார்க்க முடியாது. கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே கைகளைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மனிதர் ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சும்மா தூறல்தான். வாங்க, பேசிக்கிட்டே நடந்துடலாம்" என்பார். அவரேதான். தப்பிக்க நேரம் இருந்தால் தப்பித்துக்கொள்ளுங்கள்.

இவரை மழை ரசிகர் என்று தவறாக நினைத்துவிடாதீர்கள். ரசிகர் சாது. மழை வந்தால் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு நாலு பெருமூச்சு விடுவார். யாருக்கும் கெடுதல் கிடையாது. தூறல்வாதி அப்படியா? துணைக்கு ஆள் இல்லாமல் அவரால் நனையவே முடியாது.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் கண்முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பது அவர் பிழைப்பு. ஊராருக்குப் பார்வையைத் திருத்திக் கொடுக்கிறவருக்கு, மூக்குக்கு நேராகக் கொட்டுகிற மழை மட்டும் தெரிவதில்லை. அவர் அகராதியில் மழை என்ற சொல்லே இல்லை. லேசாகப் பெய்தால் தூறல். பலமாகப் பெய்தால் கனத்த தூறல். குடையைப் பிய்த்துக்கொண்டு போனால் காற்றோடு வருகிற தூறல். இடி இடித்தாலோ, அது தூறல் கிளம்பப்போகிறது என்பதற்கான அறிவிப்பு.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மழைக்கால நகரத்தில் காலாறச் சுற்றுவதில் சுகம் இல்லாமல் இல்லை. ஈரத் தார்ச்சாலையில் கடை விளக்குகள் சிவப்பும் பச்சையுமாகக் கரைந்து கிடக்கும். ரொட்டிக் கடைக் கதவை யாராவது திறந்தால் உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து முகத்தில் மோதும். தார்ப்பாய்க்குக் கீழே பழைய புத்தகம் விற்கிறவர், வாங்காவிட்டாலும் பரவாயில்லை, ஒதுங்கி நில்லுங்கள் என்று இடம் கொடுப்பார். ஒரே கூரைக்குக் கீழே மாட்டிக்கொண்ட முன்பின் தெரியாதவர்கள், மழை விடும்வரைக்கும் சித்தப்பா பெரியப்பா மக்களைப்போல வானிலையைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். சூடான டீக் குவளையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொள்வதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்லுங்கள் பார்க்கலாம்!

நம்மவருக்கு இதெல்லாம் அத்துப்படி. சிக்கல் என்னவென்றால், அவருக்கு இது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். நடைபாதையில் நன்றாக இருப்பதுபோலப் படுத்திருந்து, கால் வைத்ததும் ஒரு பக்கம் எழும்பிப் பேண்ட்டுக்குள் முழங்கால்வரை சேற்றுத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற அந்தத் துரோகிக் கல் ஞாபகம் இருக்காது. குடையும் அப்படித்தான். கையில் குடை இருக்கும், விரிக்க மாட்டார். "இதுக்குப் போய் குடையா?" தலையும் தோளும் சட்டையும் தொப்பலான பிறகு, யாருக்கோ சலுகை காட்டுவதுபோல விரிப்பார். அடுத்த நிமிஷமே அது காற்றில் தலைகீழாகத் திரும்பி, கம்பியெல்லாம் ஆகாயத்தைப் பார்த்து நிற்கும். அதையும் மடக்காமல், வானத்திடம் பிச்சை கேட்பதுபோல ஏந்திக்கொண்டு நடப்பார்.

அவருடைய மச்சினர் ஒருமுறை குளிர்காலத்தில் விருந்துக்கு வந்தார். "வாங்க மாப்ள, ஊரைச் சுத்திக் காட்டுறேன்" என்று நம்மவர் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது மாப்பிள்ளை தோல் செருப்போடு போனார். திரும்பும்போது செருப்பின் வார்களோடு மட்டும் வந்தார். அதற்கப்புறம் அக்காவைப் பார்க்க அவர் வெயில் காலத்தில் மட்டும்தான் வருகிறார்.

அந்த அக்கா, அதாவது நம்மவரின் மனைவி, ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். நாள் முழுக்க ஆவியில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் சொட்டச் சொட்டப் புருஷன்.

"ஊர்ல இருக்கிறவங்க துணியையெல்லாம் காய வெச்சுட்டு வந்தா, இங்க ஆளையே காய வைக்க வேண்டியிருக்கு. என்ன பாவம் பண்ணினேனோ!" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொள்வார்.

"என்ன இப்ப? ரெண்டு சொட்டு" என்பார் நம்மவர், ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டியபடி.

இதுவரைக்கும் நனைந்ததெல்லாம் உடம்பும் உடையும். காய்ந்துவிடும். இந்தக் குளிர்காலத்தில்தான் விஷயம் அதற்கும் மேலே போனது.

அவருக்கு ஒரு மகள். கால் சென்டரில், முகம் தெரியாத மனிதர்களின் கோபத்தை நாளெல்லாம் காதில் வாங்குகிற வேலை. ஆனால் அவள் மனசெல்லாம் நகர வானொலியில் செய்தி வாசிப்பதில்தான் இருந்தது. எட்டாவது படிக்கும்போதே பிடித்த ஆசை. குளியலறையில் குரல் கணீரென்று கேட்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு பழைய பேப்பரை உரக்கப் படிப்பாள். வெளியே பல் விளக்க வந்தவர்கள் உலகச் செய்திகளைக் கேட்டுக்கொண்டே காத்திருப்பார்கள். வருஷக்கணக்காக வாசித்த அம்மையார் ஓய்வு பெற்றதால், அதிசயமாக ஓர் இடம் காலியானது. குரல் தேர்வுக்கு வரச்சொல்லி அவளுக்கும் அழைப்பு வந்தது. வீட்டில் அன்றிலிருந்து வெந்நீரும் தேனும்தான். ஐஸ்கிரீம் என்ற பேச்சைக்கூட எடுக்கக் கூடாது.

தேர்வன்று அம்மா நீல நிற உடையை மடிப்புக் கலையாமல் தேய்த்து மாட்டிவிட்டு, வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்:

"ஏங்க, டாக்ஸி வரச்சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. நடக்க விடாதீங்க. சளி புடிச்சா குரலே போயிடும். காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு, விழுந்துச்சு."

விழுந்தது உண்மை. விழுந்த இடத்திலேயே கிடந்தது.

மகள் உடுத்திக்கொண்டு வந்தபோது, அப்பா ஜன்னலருகே நின்றிருந்தார். கை வெளியே இருந்தது.

"அப்பா, டாக்ஸி சொல்லிட்டீங்களா?"

"எதுக்கும்மா டாக்ஸி? சும்மா தூறல்தான். பாலத்தைத் தாண்டினா ரேடியோ ஸ்டேஷன். டாக்ஸில போனா சிக்னல் சிக்னலா நின்னு லேட்டாயிடும், பாத்துக்கோ."

லேட் என்ற சொல்லுக்கு அவள் பயந்துவிட்டாள். அதோடு, விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கையின் தீர்ப்பை நம்பியே வளர்ந்த பெண். கிளம்பிவிட்டாள்.

முதல் தெரு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ரொட்டிக் கடையில் சூடாக பன் வாங்கினார், தொண்டைக்கு இதமாம். அடுத்த முனை வருவதற்குள் காகிதப் பை கரைந்து, பன்கள் ஒவ்வொன்றாக உருண்டு சாக்கடையில் குதித்துப் படகுகளாகப் போயின. பாலத்தின்மேல் குடை வழக்கம்போல ஆகாயத்தைப் பார்த்தது. எதிரில் வந்த பஸ் ஒன்று, அம்மா அத்தனை பாடுபட்டுத் தேய்த்த நீல உடைக்கு இடுப்பிலிருந்து கீழ்வரை சேறு பூசிவிட்டுப் போனது.

"அப்பா!"

"காஞ்சா உதுந்துடும். நீ வா, ஆத்தோரமா ஒரு குறுக்கு வழி இருக்கு."

குறுக்கு வழி இருந்தது. ஆறு அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"வழி எங்கப்பா?"

"இங்கதாம்மா இருந்துச்சு..."

வந்த வழியே திரும்பி, சுற்றிக்கொண்டு ஓடினார்கள். மகள் தும்மினாள். மறுபடியும் தும்மினாள்.

"தூசி" என்றார் அப்பா.

நம்புங்கள். அந்த மழையில் அவர் அதைத்தான் சொன்னார்.

வானொலி நிலைய வரவேற்பறையில் இருந்த பெண் இவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, தரையில் ஒரு பழைய சாக்கை விரித்து, "கொஞ்சம் இது மேல நிக்கிறீங்களா?" என்று மரியாதையாகவே கேட்டாள். அப்பாவும் மகளும் சாக்கின்மேல் நின்று சொட்டினார்கள். உள்ளே கூப்பிட்டபோது மகளுக்குப் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. அப்பா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவள் பார்க்கவில்லை.

வரவேற்பறைச் சுவரில் ஓர் ஒலிபெருக்கி. தேர்வறையில் வாசிப்பது அதில் கேட்கும். மகள் குரல் வந்தது. முதல் செய்தி, இரண்டாம் செய்தி. லேசாகக் கம்மியிருந்தாலும், அடடா, என்ன குரல்! கம்பீரமும் கனிவுமாக இருந்தது. தான் பெற்ற பெண்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது, நெஞ்சு விம்மியது. வரவேற்பறைப் பெண்கூட நிமிர்ந்து கவனித்தாள். கடைசியாக வானிலைச் செய்தி.

"நகரில் நேற்று மாலை முதல்..." அந்த இடத்தில் ஒரு தும்மல். வரி தவறிப்போனது. பிறகு வரியைத் தேடிக்கொண்டிருந்த கண்ணுக்காகக் காத்திராமல், நாக்கு தன் பாட்டுக்குப் பழகினதைச் சொல்லி முடித்தது: "...சும்மா தூறல்தான்."

வரவேற்பறைப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்புத்தான். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அது மகள் குரலில் வந்த தன் வார்த்தை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

கதவு திறந்தது. சால்வை போர்த்திய நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அம்மாள் மகளோடு வெளியே வந்தார். கோபமெல்லாம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"குரல் அருமையா இருக்கும்மா. பொய் சொல்லல. ஆனா பேப்பர்ல என்ன இருந்துச்சு? கனமழை, ஆத்துல வெள்ளம், கரையோரம் இருக்கிறவங்க வீட்டைக் காலி பண்ணணும்னு இருந்துச்சு. நீங்க சொன்னதைக் கேட்டா, அவங்க பாயை விரிச்சுப் படுத்துத் தூங்கிடுவாங்க. தும்மினதைக்கூட விட்டுடலாம். இதை எப்படி விடறது? இந்த இடத்துக்கு வேற ஒருத்தரைப் பாத்துக்கிறோம். மன்னிச்சுக்கோங்க."

வாசல் கூரைக்குக் கீழே அப்பாவும் மகளும் நின்றார்கள். நம்மவருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். இந்த இனத்துக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

"விடும்மா" என்றார். "இது ஒரு சின்ன விஷயம். இது இல்லன்னா இன்னொண்ணு."

மகள் திரும்பினாள்.

"சின்ன விஷயம் இல்லப்பா. எனக்கு இது பெரிசு. ரொம்பப் பெரிசு. உங்களுக்கு எல்லாமே சின்னதுதான். அம்மாவுக்குக் கால் வீங்கினா லேசான வீக்கம். நான் ராத்திரியெல்லாம் அழுதா கொஞ்சம் மனசு சரியில்ல. எதையாவது அது இருக்கிற அளவுக்குப் பாத்திருக்கீங்களா நீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கலாம் என்றால் உடம்பில் உலர்ந்த துணி ஒரு முழம்கூட இல்லை. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேறு வில்லையும் இல்லை. மகள் முகம் மங்கலாகத் தெரிந்தது. அதிலிருந்த வேதனை மட்டும் நன்றாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல் பழக்கமில்லாததால் வரவில்லை. மடமடவென்று தெருவில் இறங்கி, நடுரோட்டில் நின்று, இரண்டு கையையும் ஆட்டி ஒரு டாக்ஸியை நிறுத்தினார்.

டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பயங்கர மழை, இல்ல சார்?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆமாங்க" என்றார் அவர். "மழைதான். பெரிய மழை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் இருந்தார், பாவம். பாலம் வரைக்கும் தாங்கினார். அப்புறம் முடியவில்லை.

"ஆனா போன வருஷம் அளவுக்கு இல்ல."

மகள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று எட்டிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. வீடு வரும்வரை டிரைவர் மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தார்.

நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? நீங்கள் குடை எடுக்காமல் வெளியே போகிறவர் இல்லை. செருப்பு நனைந்தால் முகம் சுளிக்கிறவர். தூறல்வாதிக்கும் உங்களுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒப்புக்கொள்கிறேன். இதைப் படிக்க உட்கார்ந்தபோது உங்கள் வீட்டில் ஒருவர் பக்கத்தில் வந்து, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாரே, நீங்களும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "என்ன, பெரிசா ஒண்ணும் இருக்காது, அப்புறம் பேசிக்கலாம்" என்று கையைக் காட்டினீர்களே. அவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்.